140 குடும்பம், ஒரே வக்காலத்தா?

கேள்வி: "வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். வாடிப்பட்டி பக்கம் எங்கள் ஊர். மூன்று வருஷமாகக் கிணற்றுத் தண்ணீர் நுரைக்கிறது. மல்லிகைச் செடி கருகுகிறது. மாடு வாய் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. மேட்டில் இருக்கும் சாய ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஊரே சொல்கிறது. போன மாதம் ஒருவர் வந்தார். 'சென்னையில் பெரிய வக்கீல் ஆபீஸ், 140 குடும்பத்துக்கும் சேர்த்துக் கேஸ் போடுவோம், குடும்பத்துக்கு 2,000 ரூபாய், ஜெயித்தால் 30 சதவீதம்' என்று சொல்லி வக்காலத்திலும் இரண்டு வெற்றுத் தாளிலும் கையெழுத்துக் கேட்கிறார். பாதிப் பேர் போட்டுவிட்டார்கள். நியூஜெர்சியில் இருக்கும் பெரியம்மா மகன், 'இங்கே இதுதான் வழக்கம், ஜெயிக்கிற வரை பைசா வாங்க மாட்டார்கள், தைரியமாகப் போடுங்கள்' என்கிறார். அப்பாவும் போடலாம் என்கிறார். என்ன செய்வது?"
ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

வெற்றுத் தாளில் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். இதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஊர் சேர்ந்து வழக்குப் போடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. சேராமல் முடியவும் முடியாது. ஒரு ஏக்கர் மல்லிகை வைத்திருப்பவர் தனியாக நின்று நிலத்தடி நீர் நிபுணரையும் ஆய்வகத்தையும் சீனியர் வக்கீலையும் எங்கே வைத்துக்கொள்வது? ஆலைக்காரரால் முடியும். ஆகவே கூட்டம் வேண்டும். நான் கவலைப்படுவது அந்தக் கூட்டத்துக்குள் உங்கள் குடும்பம் காணாமல் போய்விடக்கூடாது என்பதற்குத்தான். கையெழுத்து வாங்க வந்தவர் 140 என்று எண்ணுகிறார். நஷ்ட ஈடு கணக்கிடும்போது நீதிமன்றம் ஒன்று, ஒன்று, ஒன்று என்றுதான் எண்ணும்.

உங்கள் அண்ணன் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு மருந்தோ கருவியோ ஆயிரக்கணக்கானவர்களைப் பாதித்தால், வக்கீல் நிறுவனங்கள் டிவியில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்ப்பது உண்மைதான். போன் செய்தவரிடம் முதலில் ஒரு கேள்வித்தாள்: எந்த மருந்து, எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி. அதில் தேறாதவரை அங்கேயே கழித்துவிடுவார்கள். தேறியவரோடு ஒப்பந்தம். கிடைக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை வக்கீலுக்கு. வழக்குச் செலவைப் பெரும்பாலும் அதற்கு மேல் தனியாகக் கழிப்பார்கள். விளம்பரம் கொடுத்த நிறுவனமே வழக்கை நடத்தும் என்றும் இல்லை. இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டுக் கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு.

நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஒரே மாதிரியான ஃபெடரல் (மத்திய நீதிமன்ற) வழக்குகளை, விசாரணைக்கு முந்தைய வேலைகளுக்காக ஒரே நீதிபதி முன் கொண்டுவர அங்கே 1968-இல் சட்டம் போட்டார்கள். அந்த நீதிபதி சில வக்கீல்களைக் கமிட்டியாக அமர்த்துவார். கம்பெனியின் காகிதங்களைத் தோண்டுவது, நிபுணர்களைப் பிடிப்பது போன்ற பொது வேலைகளை எல்லோருக்காகவும் அவர்கள் செய்வார்கள். அப்புறம் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கில், சில வழக்குகளை மட்டும் எடுத்து ஜூரி முன் நடத்திப் பார்ப்பார்கள். அந்தத் தீர்ப்புகளின் போக்கைப் பார்த்துத்தான் இரண்டு தரப்பும் பேச உட்காரும். வையாக்ஸ் என்ற வலி மாத்திரை வழக்குகளில் மெர்க் நிறுவனம் 2007-இல் 485 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டது இப்படித்தான்.

அந்த 485 கோடியைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடவில்லை. மாத்திரையை எவ்வளவு நாள் சாப்பிட்டார், மாரடைப்பு எவ்வளவு கடுமை, வயது என்ன, புகைபிடிப்பவரா என்று ஆளுக்கு ஆள் புள்ளி போட்டார்கள். ஆஸ்பத்திரிக் காகிதம் இல்லாதவருக்குப் புள்ளியும் இல்லை. இன்னொன்றும் உண்டு. ஒரு வக்கீல் பல கட்சிக்காரர்களுக்குச் சேர்த்து சமரசம் பேசினால், யாருக்கு எவ்வளவு என்பதைக் காட்டி ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அங்கே தொழில் விதி. விளம்பரத்தையும் சதவீதத்தையும் பற்றிச் சொன்ன உங்கள் அண்ணன் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, இங்கே? ஜெயித்தால் பங்கு என்று வக்கீல் பேசுவதை இந்தியப் பார் கவுன்சில் விதிகள் நேரடியாகத் தடுக்கின்றன. ஆள் அனுப்பி வழக்குப் பிடிப்பதையும் தடுக்கின்றன. அப்படிப் பங்கு பேசுவது தொழில் ஒழுங்கீனம் என்பது 1954-இலேயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. விபத்து வழக்குகளில் சதவீதம் பேசுவது நம்மூரில் நடக்காததல்ல, எனக்கும் தெரியும். நடப்பதால் அது சரியாகிவிடாது. தொழில் விதியை முதல் நாளே மீறுகிறவர், பணம் வரும் நாளில் உங்களிடம் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று எதை வைத்து நம்புவது? ஆகவே வந்தவரிடம் கேளுங்கள்: வக்கீல் பெயர் என்ன, பார் கவுன்சில் பதிவு எண் என்ன, அவர் எப்போது ஊருக்கு வந்து எங்களோடு உட்காருவார்? பதில் வராவிட்டால் அவர் தரகர்.

இப்படிக் கைநாட்டு வாங்கிய கதை நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த சில நாளிலேயே அமெரிக்க வக்கீல்கள் வந்து இறங்கி, பாதிக்கப்பட்ட மக்களிடம் ஒப்பந்தக் காகிதங்களில் கைநாட்டு வாங்கினார்கள். 1985-இல் மத்திய அரசு தனிச் சட்டம் போட்டு, எல்லோர் சார்பிலும் வழக்காடும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. அரசு அமெரிக்காவில் போட்ட வழக்கை நியூயார்க் நீதிமன்றம் 1986-இல், இந்தியாவிலேயே நடத்திக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பியது. 1989 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் 47 கோடி டாலருக்கு சமரசம் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொருவரும், நான் அந்த இரவில் அங்கே இருந்தேன், என் நுரையீரல் கெட்டது என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. கூடுதல் தொகை கேட்ட மனு 2023-இல் தள்ளுபடியானது. என்னைப் பொறுத்தவரை நம் நாட்டுக் கூட்டு வழக்குகளில் இதைவிடப் பெரிய வலி இல்லை. அரசே வக்கீலாக நின்றும், கட்சிக்காரரின் சம்மதம் என்கிற ஒன்று விட்டுப்போனது.

உங்கள் வழக்குக்கு நெருக்கமானது வேலூர் தோல் ஆலை வழக்கு. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தந்த அந்தத் தீர்ப்பின் வரம்பில் நம் பக்கத்துத் திண்டுக்கல்லின் தோல் ஆலைகளும் வந்தன. மாசு செய்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்பது அதில் உறுதியானது. நஷ்ட ஈட்டைக் கணக்கிட ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் வந்தது. 2001-இல் அந்த ஆணையம் வேலூர்ப் பகுதியில் 29,193 பேருக்கு மொத்தம் 26.82 கோடி ரூபாய் தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். பாக்கித் தொகையைக் கொடுங்கள் என்று 2025 ஜனவரியில்கூட சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட வேண்டியிருந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 30 சதவீதம் என்று பேசுகிறவர் எந்த மொத்தத் தொகையைக் காட்டிப் பேசுகிறார் என்று நீங்கள் யோசிக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். 2013-இல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு சுப்ரீம் கோர்ட் 100 கோடி ரூபாய் விதித்தது. அது கலெக்டரிடம் கட்டி, வட்டியில் சுற்றுவட்டார மண்ணையும் நீரையும் மேம்படுத்தச் செலவிட வேண்டிய பணம். வீட்டுக்கு வீடு கொடுக்கும் பணம் இல்லை. ஆகவே "நூறு கோடி வாங்கித் தந்தோம்" என்று யாராவது சொன்னால், யார் கைக்கு என்று கேளுங்கள்.

பொறுப்பான ஆபீஸ் என்ன செய்யும் என்று கேட்டால், என் மேசையிலிருந்து சொல்கிறேன். குடும்பத்துக்கு ஒரு ஃபைல். 140 குடும்பம் என்றால் 140 ஃபைல். அதில் பட்டா, சிட்டா, அடங்கல். அடங்கல் முக்கியம், ஏனென்றால் எந்த சர்வே எண்ணில் எந்தப் பருவத்தில் என்ன பயிர் இருந்தது என்று விஏஓ எழுதும் கணக்கு அது. தண்ணீர் கெடுவதற்கு முந்தைய வருஷங்களின் நகல், கெட்ட பிறகான நகல், இரண்டும் வேண்டும். மோட்டாரின் மின் இணைப்பு எண். கூட்டுறவு சங்கக் கடன் ரசீது. பால் சங்க அட்டை, அதில் லிட்டர் குறைந்து வருவது தேதியோடு இருக்கும். அரசு ராஜாஜி மருத்துவமனையின் ஓபி சீட்டு, எந்த டாக்டர் என்ன எழுதினார் என்பதோடு.

மல்லிகைக்காரர்கள் பூச்சீட்டை மறக்கக்கூடாது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் எழுதித் தரும் அந்தத் துண்டுச் சீட்டில் கிலோ, விலை, கமிஷன், கைக்கு வந்த தொகை எல்லாம் இருக்கும். என்னிடம் ஒரு விவசாயி பத்து வருஷச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்ததை அப்படியே கொண்டுவந்தார். அடியில் மங்கிய சீட்டுகளில் தை, மாசியில்கூடத் தினம் சில கிலோ. மேலே வர வர நூறு கிராம், இருநூறு கிராம், பிறகு தேதிகளே விட்டுப்போயிருந்தன. எந்த நிபுணர் அறிக்கையும் அந்தக் கம்பி சொன்ன அளவுக்குச் சொல்லவில்லை.

நான் ஃபைலைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. ஜூனியராக இருந்தபோது ஒரு கூட்டு வழக்கில் பெயர்ப் பட்டியல் எழுதும் வேலை என்னுடையது. ஊர்ப் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனேன். சில வருஷம் கழித்துப் பணம் கொடுக்கும் கட்டம் வந்தபோது ஒரு பாட்டி மஞ்சள் பையோடு சேம்பர் வாசலில் வந்து நின்றார். நான் எழுதியிருந்தது ஊரில் அவரைக் கூப்பிடும் பெயர். ரேஷன் கார்டில் வேறு பெயர். பட்டா இறந்துபோன மாமனார் பெயரில். மூன்றும் ஒரே ஆள், ஒரே நிலம் என்று காட்ட வாரிசுச் சான்று, அஃபிடவிட், தாலுகா ஆபீஸ் என்று பதினோரு மாதம் அலைந்தார். அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து கார்டை வாங்கிப் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. தவறு என்னுடையது. அதற்குப் பிறகு கார்டைப் பார்க்காமல் ஒரு பெயரைக்கூட நான் எழுதியதில்லை.

குத்தகைக்கு உழுகிறவர்கள், பூப் பறிக்கும் கூலிப் பெண்கள் பற்றி உங்கள் கடிதத்தில் இல்லை. அவர்களிடம் பட்டா இருக்காது, இழப்பு இருக்கிறது. நில உரிமையாளரின் வாக்குமூலம், வங்கிப் புத்தகம், குழுக் கடன் நோட்டு என்று கிடைப்பதை வைத்து அவர்களுக்கும் ஃபைல் போட வேண்டும். அந்த ஆலையில் வேலை பார்க்கிறவர்களும் உங்கள் 140 குடும்பத்துக்குள் இருப்பார்கள். ஆலை மூடினால் அவர்களுக்குச் சோறு போய்விடும், தண்ணீர் கெட்டால் உங்களுக்கு. ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் நிற்க முடியுமா என்பதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பிறகு பேசினால் ஊர் இரண்டாகும்.

எங்கே போடுவது? சுற்றுச்சூழல் கெட்டதற்கு நஷ்ட ஈடு கேட்க வேண்டிய இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த வகை நஷ்ட ஈட்டுக்கு சிவில் கோர்ட் போக முடியாது. ஒத்தக்கடை பக்கம் நம் உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் போடலாம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை நடவடிக்கை எடுக்க வைக்க அது உதவும். ஆனால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்று எண்ண ரிட் ஏற்ற இடமில்லை. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் அட்டவணையில் பயிர், மரம், தோட்டம், கறவை மாடு, உழவு மாடு, மருத்துவச் செலவு, கூலி இழப்பு எல்லாம் தனித்தனித் தலைப்பாக இருக்கின்றன. உங்கள் மாடு திரும்பிக்கொண்டது என்று எழுதினீர்களே, அதற்கும் அங்கே இடமுண்டு.

காலக்கெடு ஐந்து வருஷம். எந்த நாளில் இருந்து? பாதிப்பு முதன்முதலாகத் தெரிந்த நாளில் இருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்று போய்விட்டது. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் உண்டு, அதை நம்பி இருக்காதீர்கள். கேட்கும் நஷ்ட ஈட்டில் ஒரு சதவீதம் தீர்ப்பாயத்துக்குக் கட்டணம். குடும்பத்துக்கு 3 லட்சம் கேட்டால் 3,000 ரூபாய். வந்தவர் கேட்கும் 2,000 இந்தக் கட்டணத்துக்கா, தண்ணீர்ப் பரிசோதனைக்கா, அவர் கைச்செலவுக்கா? ரசீது தருவாரா?

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று யாரும் விலகி நிற்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைப் பேரழிவில் பாதிக்கப்பட்டவர்கள் இலவச வக்கீல் கேட்கலாம். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குடும்பத்தில் பெண் பெயரில் நிலமோ மாடோ இருந்தால் அவரே மனுதாரராக வரலாம்.

வக்காலத்து விஷயம் ஒன்று. அந்த அச்சடித்த தாளை அப்பா வாங்கி வரட்டும், நீங்கள் நிதானமாகப் படியுங்கள். எந்த நீதிமன்றம் என்பது நிரப்பியிருக்க வேண்டும். வக்கீல் பெயர் இருக்க வேண்டும். நடுவில் பொடி எழுத்தில், சமரசம் செய்துகொள்ளவும், வழக்கை வாபஸ் வாங்கவும், பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் வக்கீலுக்கு அதிகாரம் என்று ஒரு வரி ஓடும். சமரசம், வாபஸ், பணம் பெறுதல் ஆகிய மூன்றையும் பேனாவால் அடித்து, அடித்த இடத்தில் அப்பா சுருக்கொப்பம் போடட்டும். நல்ல வக்கீல் இதற்குக் கோபிக்க மாட்டார். பணம் வந்தால் நேராக அவரவர் வங்கிக் கணக்குக்கு என்று தனியாக எழுதி வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் வக்காலத்தில், படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டார் என்று சான்று எழுதும் இடம் இருக்கும். படித்துக் காட்டாமல் அந்த இடத்தை நிரப்ப விடாதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் என்ன செய்வது? 'வெற்றுத் தாள்களைத் திருப்பிக் கொடுங்கள், எனக்கு இந்த வக்காலத்தில் விருப்பமில்லை' என்று அந்த நபருக்கும் அவர் சொல்லும் வக்கீலுக்கும் பதிவுத் தபாலில் எழுதி, நகலும் ரசீதும் வைத்துக்கொள்ளட்டும். வழக்கு இன்னும் தாக்கலாகவில்லை என்றால் அதோடு முடியும். தாக்கலாகியிருந்தால் வக்கீலை மாற்ற நீதிமன்ற அனுமதி வேண்டும், கிடைக்கும்.

வக்கீலைத் தேடுவதற்கு முன்னாலேயே நீங்கள் தொடங்க வேண்டிய வேலை தண்ணீர். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மதுரையில் இருக்கிறது. ஆலைக்குப் பள்ளத்தில் உள்ள மூன்று நான்கு கிணறு, ஆலைக்கும் மேலே மேட்டில் இன்னும் கெடாமல் இருக்கும் ஒரு கிணறு, இரண்டு பக்கத்திலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். பள்ளத்துக் கிணறு மட்டும் கெட்டிருப்பதுதான் ஆலையை நோக்கி விரல் நீட்டும். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்பது இந்தியத் தரம். மாதிரி எடுக்கும்போது தேதி, நேரம், கிணற்றின் சர்வே எண் எல்லாம் தெரியும்படி போட்டோ எடுங்கள். அதோடு, வாரிய அதிகாரிகளே வந்து மாதிரி எடுக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் மனு கொடுங்கள். அவர்கள் ஆலைக்குள் ஆலைக்காரருக்கு அறிவித்து, இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து எடுக்கும் மாதிரிக்குச் சட்டத்தில் தனி மதிப்பு. ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணை (ஆலை நடத்த அனுமதி), ஆய்வு அறிக்கைகளின் நகலைப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இதையெல்லாம் ஐப்பசி மழைக்கு முன் செய்துவிடுங்கள். மழை இறங்கினால் கிணறு நிறையும், உப்புக் கரைந்து எண் குறையும். அந்தக் குறைந்த எண்ணைத்தான் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் வக்கீல் அக்கா